பூனைக்குக் கொடுத்த றால் வால்

எனக்குச் சாப்பாட்டில் பெரிய ஆசை கிடையாது, சுவாமி. என்னோடு பழகியவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழும்புகிறவன் நான். உப்புக் குறைந்தால் குறைந்திருக்கிறது என்று சொல்வேன். அது குறை சொல்வதாகாது. அடுத்த முறை சரியாக வரவேண்டும் என்ற நல்லெண்ணம்தான்.

சிலுவை அடையாளம் போட்டுவிட்டேன். தொடக்கச் செபத்தையும் சத்தமாகவே சொன்னேன், உங்களுக்குக் கேட்டிருக்கும். ஆகவே இனி நான் சொல்வதெல்லாம் பாவசங்கீர்த்தனம். பூசைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, வெளியே வரிசையில் யாருமில்லை. இந்தப் பாடன் நகரத்துத் தமிழர்கள் தவக்காலத்திலும் முதலாம் வாசகம் முடிகிறபோதுதான் கோவிலுக்குள் வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தங்கை பெர்னடெற்தான் என்னை வேளைக்கு அனுப்பிவைத்தாள். "போங்கோ அண்ணை, சுவாமிட்ட எல்லாத்தையும் ஆறுதலாச் சொல்லுங்கோ. அவசரப்படாதேங்கோ" என்றாள். மத்தியானம் கூழ் குடித்த கையோடு வந்துவிட்டேன்.

எமிலுடைய விசயம்தான். அவனுக்கும் என் தங்கைக்கும் நடக்கவிருந்த கலியாணம் ஏன் குழம்பியது என்று ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதை உங்களுக்கும் தெரியும், முழுப் பாடனுக்கும் தெரியும். அதில் ஒரு சின்ன இடம் மட்டும் விடுபட்டுப்போயிற்று. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மன்னிக்க வேண்டும், காது அரிக்கிறது. இந்தக் கம்பளித் தொப்பி அப்படி.

அம்மாவும் அப்பாவும் இல்லாமற்போன பிறகு குருநகரிலிருந்து பெர்னடெற்றை நான்தான் இங்கே கூப்பிட்டேன். அப்போதிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் முதியோர் இல்லம் ஒன்றில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்கிறாள். நான் தொழிற்சாலையில் இரும்புத் துண்டுகளை மினுக்குகிறேன். நான் கலியாணம் செய்யவில்லை. செய்திருந்தால் வருகிறவள் எனக்குக் கூழ் காய்ச்சத் தெரிந்தவளாக இருப்பாள் என்பதற்கு யார் உத்தரவாதம்?

இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். கூழ் என்றால் அதற்குள் றால் வேண்டும், நண்டு வேண்டும், கணவாய் வேண்டும். அவற்றின் சாறு பனங்கிழங்கு ஒடியல் மாவோடு சேர்ந்து கொதிக்கும்போதுதான் அதற்குப் பெயர் கூழ். எனக்கோ சின்ன வயதிலிருந்தே றாலும் நண்டும் கூடாது. முதலில் காது அரிக்கும். பிறகு உதடு தடிக்கும். பிறகு தொண்டை இறுகும். பன்னிரண்டு வயதில் ஒருதரம் பெரியாஸ்பத்திரியில் சாகப்போகிறவர்களுக்கான பூசுதல்கூடத் தந்துவிட்டார்கள். மீன்பிடிக்கிற குருநகரில் பிறந்தவனுக்கு றால் கூடாது என்றால் ஊர் என்ன செய்யும்? சிரித்தார்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் தெரு முழுக்கக் கூழ் கொதிக்கும்போது நான் பருப்பும் சோறும் தின்றுகொண்டு யன்னலோரம் இருந்தேன்.

பெர்னடெற் மட்டும் எனக்காக வேறு கூழ் கண்டுபிடித்தாள். மீன் தலைகளை நன்றாக அவித்து, முள்ளெடுத்து, மசித்து, அந்தத் தண்ணீரில் மாவைக் கரைத்துக் காய்ச்சுவாள். றாலின் ருசி வராது, ஆனால் கிட்ட வரும். வீட்டுக்குள் றால் வந்தால் எனக்கு ஆபத்து என்று தானும் தின்பதை விட்டுவிட்டாள். நான் கேட்கவில்லை, அவளாகவே விட்டாள். நான் தடுக்கவுமில்லை.

அவளுக்குக் கலியாணம் பேசாமல் வைத்திருந்தேன் என்று சிலர் கதைப்பது என் காதில் விழாமல் இல்லை. பேசினேன். ஊஸ்டரிலிருந்து ஒருவர் வந்தார். வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு கதைத்தார். ரெனானில் ஒருவர் இருந்தார், குறை சொல்ல முடியாத மனிதர், வங்கியில் வேலை. ஆனால் ரெனான் எங்கே, பாடன் எங்கே? அங்கேயிருந்து ரயிலில் கொண்டுவந்தால் கூழ் ஆறிப்போகும். வேண்டாம் என்றேன். காரணமில்லாமல் நான் எதையும் சொல்வதில்லை.

எமிலை நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள். குறையாகச் சொல்லவில்லை. பேசாலைப் பெடியன். நாற்பது வயதானவனைப் பெடியன் என்பது சரியில்லை, ஆனால் முகம் அப்படி. இத்தாலியில், பலெர்மோவில் வீடு துப்பரவாக்கத் தொடங்கி, பிறகு திராப்பனிக்கு எதிரே ஒரு சின்னத் தீவில், ஒரு கிழவருடைய மீன் சாப்பாட்டுக் கடையில் குசினிக்காரன் ஆகியிருந்தான். கிழவருக்கு முழங்கால் ஏலாது. பிள்ளைகளும் இல்லை. கடையை எமிலுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். ஆகவே எமில் இங்கே வரமாட்டான், பெர்னடெற்தான் அங்கே போகவேண்டும். நீங்கள் இதை எனக்குச் சொன்ன அன்று நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அமைதியாகக் குடித்து முடித்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி. பெர்னடெற் கருவியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்விடுவாள். வயர் கதவுக்குக் கீழால் இழுபட்டுக் கிடக்கும். அவள் அடுப்படியில் நின்று பாட்டு முணுமுணுக்கத் தொடங்கினாள். நீல நிறத்தில் ஒரு சேலை வாங்கினாள். நான் அதற்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் சொதிக்கு உப்புப் போட மறந்தாள். அன்றைக்குத்தான் விசயம் முற்றிவிட்டது என்று விளங்கியது.

எமில் என்னோடும் கதைப்பான். "அண்ணை, நீங்களும் இஞ்சயே வந்திடுங்கோ. மேல்மாடியில ஒரு அறை கிடக்கு. உங்களைத் தனிய விட்டிட்டு அவ வரமாட்டாவாம்" என்றான். நல்ல மனசு அவனுக்கு. ஆனால் யோசித்துப் பாருங்கள், நாலு பக்கமும் றால் இருக்கிற ஒரு தீவில் போய் என்னைக் குடியிருக்கச் சொல்கிறான்.

எனக்குப் பயம் வந்தது, சுவாமி. வெளிப்படையாகவே சொல்கிறேன். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் அடுப்புக் குளிர்ந்து கிடப்பதை நினைத்துப் பார்த்தேன். ஒரு கோப்பையை எடுத்து வைத்து, அதற்கு முன்னால் நானே இருந்து, எனக்கு நானே போட்டுத் தின்பதை நினைத்துப் பார்த்தேன். ஆனால் முடிவை எடுத்தபோது என்னைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை. அவளைப் பற்றித்தான் யோசித்தேன். கடற்காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதில் அடிக்கடி தடிமன் வரும்.

நான் கண்மூடித்தனமாக எதையும் செய்கிறவனல்ல. செப்டெம்பரில், பெர்னடெற் வேலைக்குப் போன ஒரு சனிக்கிழமை, உறைந்த றால் ஒரு பைக்கற் வாங்கிவந்து, ஒரேயொரு துண்டை அவித்துத் தின்று பார்த்தேன். சின்ன வயதில் வந்த அதே ஒழுங்கில் எல்லாம் வந்தது. காது, உதடு, தொண்டை. தொண்டை இறுகத் தொடங்கியதும் வைத்தியர் தந்த குளிசையைப் போட்டேன். அடங்கிவிட்டது. மிச்ச றாலைப் பக்கத்து வீட்டு போர்த்துக்கீசுக்காரிக்குக் கொடுத்தேன். பெர்னடெற் வந்து உதட்டைப் பார்த்தாள். குளவி குத்தியது என்றேன்.

ஒக்டோபரில் போனோம். மாப்பிள்ளையின் இடத்தைப் பெண் வீட்டார் போய்ப் பார்ப்பது நம்முடைய வழக்கம்தானே. விசாவுக்கு அலைந்து, ரயிலேறி, மெசீனாவில் ரயிலோடு சேர்த்துக் கப்பலில் ஏற்றி இறக்கி, பிறகு திராப்பனியிலிருந்து இன்னொரு கப்பல். பெர்னடெற் வழி முழுக்க நித்திரை கொள்ளவில்லை. கப்பல் தீவுக்குக் கிட்டப் போகும்போது தலைமயிரைக் காற்று கலைக்கிறது என்று கையால் பொத்திக்கொண்டு நின்றாள். எமில் துறையில் நின்றான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு தேசிக்காய்க் கொப்பு. பூ கிடைக்கவில்லையாம். தங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடை துறையடியிலேயே இருந்தது. ஆறு மேசைகள், நீலக் கோடு போட்ட விரிப்புகள். வாசலில் கிழவர் இருந்து மீன்களைச் செதில் உரித்துக்கொண்டிருந்தார். அவருடைய காலடியில் ஒரு பூனை. பின்னேர வெயில் மேசைகளில் விழுந்தது. ஆட்கள் இல்லை. எங்களுக்காக அன்று கடையைப் பூட்டி வைத்திருந்தான்.

எமில் என்னைக் குசினிக்குள் கூட்டிப்போனான். ஒரு புதுச் சட்டி, புது அகப்பை, புதுக் கத்தி. மூன்றின் பிடியிலும் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"இது உங்கட சட்டி அண்ணை. இதில றால் படேல்ல, படவும் விடமாட்டன். பெர்னடெற் எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் இதைத்தான் சொல்லுறவ. 'அண்ணைக்குக் கூடாது, கவனம், கவனம்' எண்டு. வேற ஒண்டும் கேக்கேல்ல அவ."

முழங்கை வரைக்கும் தேசிக்காய் போட்டுக் கழுவிவிட்டு எனக்கு மீன் சுட்டுத் தந்தான். மேலே நல்லெண்ணெய் மாதிரி வழிந்த ஒலிவ் எண்ணெயும் உப்பும் மட்டும். ருசியாக இருந்தது. உப்பு ஒரு கிள்ளுக் குறைவு, அதைச் சொன்னேன். பிறகுதான் பெர்னடெற்றுடைய கோப்பை வந்தது. குழிக் கோப்பை. சிவந்த சாறு, அதற்குள் கணவாய், மட்டி, மேலே கைவிரல் நீளத்தில் றால்கள், பக்கத்தில் சுட்ட பாண். ஊரை விட்டு வந்தபிறகு றால் தின்றதேயில்லை என்று அவள் எப்போதோ தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். அவன் விடியவே படகோடு போய்த் தெரிந்தெடுத்து வந்தானாம்.

அவள் ஒரு கரண்டி குடித்தாள். கண் கலங்கியது. இன்னொரு கரண்டி. பிறகு கரண்டியை வைத்துவிட்டாள். மாப்பிள்ளை எதிரே நின்று பார்த்தால் எந்தப் பெண்தான் வாய்நிறையச் சாப்பிடுவாள்?

"ஏன், உறைப்புக் காணாதோ? அம்மா அனுப்பின மிளகாய்த்தூள் கிடக்கு, கொண்டுவரட்டோ?"

"ஐயோ, காணும். நல்ல வடிவா இருக்கு."

"வடிவைப் பாத்துக்கொண்டிருக்கவோ நான் சமைச்சனான்? சாப்பிடும்."

"நீங்கள் அங்கால போனாத்தான் சாப்பிடுவன்."

அப்போது நான்தான் சொன்னேன், போய்க் கடற்கரையில் நடந்துவிட்டு வாருங்கள், ஆறுதலாகக் கதையுங்கள், சாப்பாடு எங்கே ஓடிப்போகிறது என்று. பெருந்தன்மை என்று எமில் நினைத்திருப்பான். பெர்னடெற் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கிழவர் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மேசையில் நானும் அவளுடைய கோப்பையும் மட்டும்.

கல்லணையில் அவர்கள் நடந்துபோனது தெரிந்தது. அவன் என்னவோ சொன்னான். பெர்னடெற் சிரித்தாள். அவ்வளவு தூரத்திலும் எனக்குக் கேட்டது. எங்கள் வீட்டில் இத்தனை வருசத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குப் பசி எடுத்தது.

ஒரு துண்டுப் பாணை அவளுடைய சாற்றில் தோய்த்தேன். திட்டம் அவ்வளவுதான், சுவாமி. ஒரு துண்டுப் பாண். அது போதும் என்று எனக்குத் தெரியும், பரீட்சித்துப் பார்த்தவன்தானே. வாயில் வைத்தேன். பெரியாஸ்பத்திரிக்கு முந்திய பிள்ளைக்காலம் முழுவதும் நாக்கில் வந்து நின்றது. இரண்டாவது துண்டைத் தோய்த்ததற்குத் திட்டத்தில் இடமில்லை. மூன்றாவதற்கும் இல்லை. பிறகு றாலை எடுத்தேன். தலையைக் கிள்ளி உறிஞ்சினேன். கணவாயைத் தின்றேன், மட்டியை ஓட்டோடு வாயில் வைத்து உறிஞ்சினேன். காது அரித்தது. அரிக்கட்டும் என்று விட்டேன். கடைசி றாலின் வாலைப் பூனைக்குக் கொடுத்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். மிச்சப் பாணால் கோப்பையைச் சுற்றித் துடைத்து அதையும் தின்றேன். கழுவின கோப்பை மாதிரி வந்தது.

பயந்துவிடாதீர்கள். கோட்டுப் பைக்குள் ஊசி இருந்தது. அவசரத்துக்குப் போடுகிற ஊசி, வைத்தியர் தந்தது, எப்படிப் போடுவதென்று பெர்னடெற்றுக்கும் படிப்பித்திருந்தார். அவர்கள் திரும்பி வரும்வரை காத்திருந்தேன். யாரும் இல்லாதபோது வீங்கி என்ன பிரயோசனம்?

"என்ர கோப்பை?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். "பூனை வந்து குழப்பிப்போட்டுது" என்றேன். அது முழுப் பொய்யாகாது. பூனை தின்றது. வாலை அதற்குத்தான் கொடுத்தேன். அவளும் கோப்பையைப் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்த்தாள். எமில் குசினிக்குள் போயிருந்தான், எனக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுவர.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஊசியை அவள்தான் என் தொடையில் குத்தினாள். கரையோரக் காவல் படகில் ஏற்றித் திராப்பனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கிடந்தேன். எமில் வாசலில் நின்றான், சிவப்பு நூல் கட்டிய அகப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு. அதை எதற்குக் கொண்டுவந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"புதுச் சட்டி பெர்னடெற். நான் கையைக் கழுவினனான். வடிவாக் கழுவினனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

பெர்னடெற் சத்தம் போடவில்லை. "ஒரேயொரு விசயம்தான் உங்களிட்டக் கேட்டனான்" என்றாள். அவ்வளவுதான். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். எனக்கும் கவலையாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது, கொத்தார்டுச் சுரங்கத்துக்குள் ரயில் போய்க்கொண்டிருந்தது, அவள் திடீரென்று கேட்டாள்.

"அண்ணை, அந்தப் பூனை என்ன நிறம்?"

"வெள்ளை."

"அங்க நிண்டது கறுப்புப் பூனையெல்லோ."

"ரெண்டு நிண்டது பிள்ளை."

"ஓம், ஓம். இருக்கும்" என்றாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. என் தங்கை சந்தேகப்படுகிற சுபாவமுள்ளவள் அல்ல.

எமில் கொஞ்சக்காலம் தொலைபேசி எடுத்தான். நான்தான் கதைப்பேன். குளிக்கிறாள், வேலைக்குப் போய்விட்டாள், படுத்துவிட்டாள் என்று சொல்வேன். ஒருநாள் அழுதான். அகப்பையைத் தொடவே பயமாக இருக்கிறதாம், கிழவர் கடையைப் பூட்டிவிட்டாராம், திரும்பவும் பலெர்மோவுக்கு வீடு துப்பரவாக்கப் போகிறானாம். "உம்மில ஒரு பிழையுமில்லைத் தம்பி, மனசில வைச்சிருக்காதையும்" என்று சொன்னேன். சத்தியமான வார்த்தை. அவன் நம்பவில்லை என்றால் நான் என்ன செய்வது? நீங்கள்கூட அந்த ஞாயிறு மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தீர்கள். பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்குக் கூச்சமாகிவிட்டது.

ஒரு நிமிடம், சுவாமி. உதடு கொஞ்சம் தடித்த மாதிரி இருக்கிறது. இந்த மார்ச் மாதக் குளிர் பொல்லாதது, கோவிலுக்குள் சூடாக்குகிற ஹைட்சுங்கும் போடமாட்டார்கள்.

ஏன் இன்றைக்கு வந்து சொல்கிறேன் என்று யோசிப்பீர்கள். நேற்று நீங்கள் தொலைபேசி எடுத்ததால்தான். பலெர்மோத் தமிழருக்குத் தியானம் கொடுக்கப் போன இடத்தில் எமிலைக் கண்டீர்களாம். ஒரேயொரு ஆறுதல்தான் தனக்கு மிச்சம் என்று சொன்னானாம், அன்று பெர்னடெற்றுடைய கோப்பை பாணால் துடைத்தெடுத்த மாதிரி வெறுமையாகக் குசினிக்கு வந்ததாம், அவள் தன் சமையலை விரும்பிச் சாப்பிட்டிருக்கிறாளாம். "பேர்சி, நாளைக்குப் பூசை முடிய பெர்னடெற்றிட்ட ஒரு கேள்வி கேக்கவேணும். அண்டைக்கு நீர் உம்மட கோப்பையை முடிச்சனீரோ எண்டு" என்றீர்கள். நல்ல மனிதர்களுக்கு இதுதான் குறை. எதையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள்.

எமில் நினைத்துக்கொண்டிருக்கிறான், அவள் சாப்பிட்டாள் என்று. அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், பூனை தின்றது என்று. இருவரும் ஐந்து நிமிடம் கதைத்தால் எல்லாம் வெளியில் வந்துவிடும். அவர்கள் கதைப்பதில்லை. கதைக்க வைக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நேற்றுவரை உங்களுக்கு அது வெறும் சந்தேகம், யாரிடமும் கேட்டிருக்கலாம். இன்றைக்கு உங்களுக்கு அது பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட விசயம். அந்தக் கேள்வியைக் கேட்டால் நான் சொன்னதை வைத்துக் கேட்பதாகிவிடும். முகத்தில்கூடக் காட்டக்கூடாது என்று எங்களுக்கு ஞானோபதேசத்தில் படிப்பித்தார்கள். இரகசியத்தைக் காப்பாற்றி ஆற்றில் தள்ளப்பட்ட புனிதருடைய சிலை இந்த நாட்டுப் பாலங்களில்கூட நிற்கிறது. வரும் வழியில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன்.

பெருமூச்சு விடுகிறீர்கள். கோபிக்கவேண்டாம். செய்ததற்கு மனஸ்தாபம் இல்லாமல் வந்தேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவளுக்காகச் சமைத்ததை அவள் தின்னவில்லையே என்று இப்போதும் நினைத்துக் கவலைப்படுவேன். போய் அவளிடம் உண்மையைச் சொன்னால்தான் மன்னிப்பு என்கிறீர்கள். யோசிக்கிறேன். தவக்காலம் முடிய இன்னும் கிடக்கிறது.

உண்மையில் எல்லாம் நல்லதுக்குத்தான் நடந்தது. நத்தாருக்குப் பிறகு பெர்னடெற் முழுக்க மாறிவிட்டாள். திரும்பவும் பாட்டு முணுமுணுக்கிறாள். மாலை வகுப்புக்குப் போய் இத்தாலி மொழி படிக்கிறாள், வேலையிடத்தில் இத்தாலிக்காரக் கிழவிகள் கூடவாம். என் மேல் அக்கறையும் கூடிவிட்டது. என் கோட்டுப் பையில் இருந்தால் தொலைந்துவிடும் என்று ஊசியையும் குளிசையையும் எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்திருக்கிறாள். எங்கே போனாலும் அது அவளோடுதான்.

கூழைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தத் தவக்காலத்துக் கூழ் மாதிரி அவள் ஒருநாளும் காய்ச்சியதில்லை. இன்றைக்கு மத்தியானம் முதல் வாய் குடித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தீவில் பாணைத் தோய்த்துத் தின்றேனே, அதே ருசி. "வெறும் மீனில இது எப்பிடிப் பிள்ளை வந்தது?" என்று கேட்டேன். "கைராசி அண்ணை. இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்றாள். ஊஸ்டர்க் கடையில் புதிதாக ஒரு தூள் வாங்கியிருக்கிறாள், போத்தலில் பெயர் ஒட்டவில்லை. மூன்று கோப்பை குடித்தேன். அவள் எதிரே இருந்து நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். தான் குடிக்கவில்லை. வயிறு சரியில்லையாம்.

கோவில் வாசல்வரை கூடவே வந்தாள். அந்த நீலச் சேலையைக் கட்டியிருந்தாள், அதற்கு மேல் குளிர்ச்சட்டை. கையில் பெரிய பை ஒன்று. பழைய உடுப்புகள், கோவிலுக்குக் கொடுக்கவாக்கும். "நீங்கள் உள்ள போங்கோ. எனக்கு ஸ்டேசனடியில ஒரு அலுவல், போட்டு வாறன்" என்றாள். போகும்போது என் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள். சுவாமி பக்கத்தில்தானே இருப்பார், பயமில்லை என்றாள். எதற்குப் பயம் என்று நான் கேட்கவில்லை.

கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா, சுவாமி? தொண்டை இறுகுகிறது. இவ்வளவு நேரம் கதைத்துவிட்டேன், அதுதான். இல்லை, இல்லை, நீங்கள் எழும்பவேண்டாம், முகம் ஏன் இப்படி வெளுக்கிறது. பெர்னடெற் இப்போது வந்துவிடுவாள். கைப்பையும் அவளிடம்தான் இருக்கிறது. அவள் என்னைத் தனியே விட்டுவிட்டுப் போகிறவள் அல்ல.